குழித்தட்டும் காகிதக்கூழும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலக்கோடு பகுதியில் தக்காளி நாற்று விடுகிறோம். 98 குழி கொண்ட கறுப்பு பிளாஸ்டிக் தட்டுகள் சில போகத்திலேயே வெயிலில் நொறுங்கி, வரப்போரம் குப்பையாகக் கிடக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உண்டு. ஆனால் வயலில் சேரும் இந்தக் குப்பையை யாரும் பேசுவதில்லை.

சென்ற போகத்தில் பழைய முட்டை அட்டையில் மண்ணிட்டு விதைத்துப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் வெள்ளை வேர்கள் அட்டையைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்தன. வேர் அறாமல் அட்டையோடு நட முடிந்தது. ஆனால் தினமும் தண்ணீர் தெளித்ததில் ஓரங்கள் ஊறிப் பிய்ந்தன. குழியின் ஆழமும் போதவில்லை.

முட்டை அட்டையைப் போலவே காகிதக்கூழில், ஆனால் இன்னும் ஆழமாகவும் உறுதியாகவும் நாற்றுத்தட்டு செய்ய, இங்கேதான் புதிய தொழில்நுட்பம் வேண்டும். நீரில் கரைத்த காகிதக்கூழை வலை அச்சில் உறிஞ்சி, சூட்டில் அழுத்தினால், நார்கள் காயும்போது பசையில்லாமலே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சூடும் அழுத்தமும் கூடினால் தட்டு இறுகும். உலோக அச்சு செய்வதுதான் பெருஞ்செலவு. மாதிரி அச்சை இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்து, குழியின் அளவைத் திருத்தித் திருத்திப் பார்க்கலாம்.

கரூர் காகித ஆலை பெருமளவு கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. எங்கள் ஊரிலும் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஓசூரில் அச்சு செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. செட்டிக்கரை, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள் இதைத் திட்டப்பணியாக எடுக்க மாவட்ட நிர்வாகம் வழிசெய்ய வேண்டும். சோதனைக்கு என் நாற்றுப்பண்ணையில் ஒரு பாத்தி தருகிறேன்.

நாற்றுப்பண்ணை விவசாயி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்