டோக்கியோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அம்மா வைத்து அனுப்பிய வடகமும் நல்லபடியாக வந்து சேர்ந்தன. நான் அனுப்பிய படத்தில் பிரிட்டிஷ் தூதரகத்தின் எதிரே அகழிக்கரையில் நிற்கும் செர்ரி மரங்களை யார் நட்டது என்று கேட்டிருந்தீர்கள். 1898இல் அங்கே முதன்முதலில் மரம் வைத்தவர், அன்றைய பிரிட்டிஷ் தூதர் சர் எர்னஸ்ட் சாட்டோ.

அவரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். தவிட்டில் ஊறிய முள்ளங்கியை ஒரு பையில் போட்டு, கதவைத் தட்டாமல் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவாரே, அவரேதான். இந்தக் குளிரில் சூடான சோற்றுக்கு அது நன்றாகவே இருக்கிறது.

1843இல் லண்டனில் பிறந்த சாட்டோ, மாணவப் பருவத்தில் ஜப்பானைப் பற்றிய ஒரு நூலைப் படித்து இந்த நாட்டின்மேல் ஆசைப்பட்டு, தேர்வெழுதி, மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்குத் தேர்வாகி, 1862 செப்டம்பரில் யோகோஹாமாவில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 19. ஒரு வாரம் முடிவதற்குள், தெற்கே உள்ள சத்சுமா பகுதிப் பிரபுவின் தந்தை ஊர்வலமாகச் சென்ற சாலையில் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய வணிகரைச் சாமுராய்கள் வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பதிலடியாக அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை சத்சுமாவின் ககோஷிமா நகரைக் குண்டு வீசித் தாக்கியபோது அவரும் கப்பலில் இருந்தார். அத்தகைய காலத்திலும் அவர் உள்ளூர் ஆசிரியர்களிடம் அமர்ந்து தூரிகை பிடித்து எழுதக் கற்றார். 1866இல் அவர் எழுதிய கட்டுரைகள், பேரரசரின் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனை மட்டும் நம்பாமல் பேரரசரோடும் பிரபுக்களோடும் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று வாதிட்டன. மேலதிகாரிகளின் அனுமதியின்றி எழுதப்பட்ட அவை ஜப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டு நாடெங்கும் படிக்கப்பட்டன. 1868இல் ஷோகுன் ஆட்சியே முடிந்துவிட்டது. மொழியைக் கற்றவனுக்குத்தான் ஒரு நாடு தன்னைத் திறந்து காட்டும் என்று நீங்கள் வகுப்பில் சொல்வதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு சயாம், உருகுவே, மொராக்கோ என்று பணிபுரிந்து, 1895இல் தூதராக இங்கேயே திரும்பினார். 1900இல் சீனத் தலைநகர் பீக்கிங் சென்று, அங்கே வெளிநாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கலகத்துக்குப் பிந்தைய 1901 உடன்படிக்கையில் பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்டார். ஓய்வுக்குப் பின் அவர் எழுதி 1917இல் வெளிவந்த தூதரக நடைமுறை நூல், திருத்தப் பதிப்புகளாக இன்றும் பயன்படுகிறது.

ஆனால் என் மனம் நின்றது வேறொரு இடத்தில். தக்கெதா கானே என்ற ஜப்பானியப் பெண்ணோடு அவர் வாழ்ந்தார், இரண்டு மகன்கள். சட்டப்படி திருமணம் செய்யாதது எனக்கு ஒப்பவில்லை. எனினும் எந்த நாட்டில் இருந்தாலும் குடும்பத்துக்குப் பணமும் கடிதமும் அனுப்பியபடியே இருந்தார். இளையவர் ஹிசயோஷி பெரிய தாவரவியலாளரானார். ஜப்பானிய மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நம் பக்கத்து வீட்டுப் பெரியவரும் மலையேறுபவர் என்பதால், சூசென்ஜி ஏரிக்கரையில் சாட்டோ 1896இல் கட்டிய வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றார். நம் திண்ணையைப் போல அகலமான மரத்தாழ்வாரம். அதிலிருந்து பார்த்தால் ஏரி முழுவதும் தெரிகிறது. அங்கே உட்கார்ந்திருந்தபோது, தொலைபேசியில் என் முகத்தைக் கண்டதும் செல்வியின் பின்னால் ஒளிந்துகொள்ளும் பாப்பாவின் நினைவு வந்து, சற்று நேரம் எழ முடியவில்லை. சாட்டோ 1929இல் இங்கிலாந்தில் இறந்தார். கானே டோக்கியோவிலேயே இருந்தார்.

நான் நலமாக இருக்கிறேன்; அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள். யென்னின் மதிப்பு இறங்கியிருப்பதால் இம்மாதப் பணம் குறைவாகத் தெரியும். வேறு காரணம் எதுவும் இல்லை. அதில் பாப்பாவின் பள்ளிக் கட்டணத்தை முதலில் கட்டிவிடுங்கள். மேலக்காட்டுப் பட்டாவில் சித்தப்பா பெயரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். அத்தை கையெழுத்துப் போடாமல் கிராம அலுவலகத்துக்குப் போக வேண்டாம். உங்கள் கண் அறுவைச் சிகிச்சையை வைகாசிக்குத் தள்ளிப்போடாமல் இந்த மாதமே முடித்துக்கொள்ளுங்கள். தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
முருகேசன்