ஆவுளியாவைத் துரத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடலடிச் சுற்றுலா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களை அப்படியே பாக் விரிகுடாவுக்குக் கூட்டிப்போய், ஸ்கூபா என்கிற மூச்சுக்கருவியை மாட்டி இறக்கி, ஆவுளியா என்கிற கடற்பசுவைக் காட்டலாம் என்கிற யோசனை எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. அந்த ஆசை எனக்குப் புரியும்; நானும் அந்தமானில் முக்குளிக்கக் கற்றவள்தான்.

பவளத்திட்டில் இறங்குவது வேறு. எதையும் தொடாமல், துடுப்புக் காலால் மணலைக் கிளப்பாமல் மிதக்கத் தெரிந்தால் மீன்கள் தம்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். மூழ்கிய கப்பலும் ஓடிவிடாது. மட்டக்களப்புக் கடலில் 1942-இல் ஜப்பானியர் மூழ்கடித்த ஹெர்மிஸ் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே இன்னமும் கிடக்கிறது. தனிப்பயிற்சி பெற்றவர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

ஆவுளியா அப்படியல்ல. கடற்புல் மேய்கிற அந்தக் கடற்பசு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். மேலே படகும் கீழே ஆட்களுமாகச் சூழ்ந்துகொண்டால் அது எங்கே போகும்? சில வருடங்களுக்கு ஒருமுறைதான் ஈனும், அதுவும் ஒரே ஒரு குட்டி. அந்தக் குட்டி ஒன்றரை வருடம் வரை பால் குடித்துக்கொண்டு தாயை ஒட்டியே திரியும். துரத்துகிற அமளியில் இரண்டும் பிரிந்துவிட்டால் குட்டி பிழைப்பது கடினம். போதாததற்கு அது ஆழமில்லாத, எளிதில் கலங்கும் கடல். கலங்கிய நாளில் நம் ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது, புல்தான் மிதிபடும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். ஆனால் அறிவிப்பு மட்டும் ஆவுளியாவைக் காப்பாற்றாது. வலையில் மாட்டியதை உயிரோடு விடுவிக்கிற மீனவர்கள்தான் காப்பாற்றுகிறார்கள். அதற்காக வலையையே அறுக்க வேண்டி வரும்போது நட்டம் அவர்களுக்குத்தான். வனத்துறை ஊக்கத்தொகை கொடுப்பது நல்ல காரியம். சுற்றுலாப் பணமும் அந்தக் கைகளுக்கே போகட்டும். காரைக்குடியிலிருந்து வருகிறவர்கள் கரையில் உட்கார்ந்து மீனவர்கள் வாயால் ஆவுளியா கதை கேட்கட்டும், நல்ல மீன் சாப்பிடட்டும். தஞ்சாவூர்க் கடற்கரையில் மனோராவில் வரப்போகிற கடற்பசு மையத்திலும் மீனவர்களுக்கே முதல் வேலை கிடைக்க வேண்டும்.

அடுத்த இதழில், காப்பகத்துப் பக்கம் முக்குளிப்புப் படகு கேட்டு யாரும் போக வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, காரைக்குடி