விதைக் காணிக்கையும் சித்தியின் மாத்திரையும்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

முதலில் ஒரு வேண்டுகோள். சித்தியை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போ. அந்த ஆசீர்வாதக் கூட்டத்தின் பேச்சைக் கேட்டு நிறுத்திய சர்க்கரை மாத்திரையை அவர் சொல்கிறபடி திரும்ப ஆரம்பிக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

வேலை போன நாளில் உனக்கு ஆறுதல் சொன்னது அந்த ஆசீர்வாதக் கூட்டத்தார்தான். அதை நான் மறக்கவில்லை. தேவன் சுகமாக்குகிறவர் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விசுவாசம் இருந்தால் வியாதி நிற்காது, விதைக் காணிக்கை போட்டால் நூறத்தனையாகத் திரும்பி வரும் என்கிற அவர்கள் போதனை வேறு. அது சித்தியை என்ன செய்திருக்கிறது பார். "எனக்கு விசுவாசம் பத்தலப்பா, அதான் சுகர் இறங்கல" என்று போனில் அழுதார்கள். விடியுமுன் எழுந்து நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறவர்கள் அவர்கள். வியாதியோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்து அவர்களைச் சுமக்க வைத்துவிட்டது அந்தப் போதனை.

தீர்க்கதரிசி எலிசாவை எடுத்துக்கொள். சுகம் தேடி அவரிடம் வந்த சீரிய படைத்தலைவன் நாகமான் பத்துத் தாலந்து வெள்ளியும் ஆறாயிரம் சேக்கல் பொன்னும் கொண்டுவந்தான். குஷ்டம் நீங்கிய பிறகு, வாங்கிக்கொள்ளும்படி வருந்திக் கேட்டான். எலிசா ஒரு காசு தொடவில்லை. பின்னாலேயே ஓடிப்போய், தீர்க்கதரிசி கேட்டதாகப் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளி வாங்கினவன் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. நாகமானின் குஷ்டம் அவனைப் பிடித்தது. சுகத்துக்குக் கூலி வாங்குவதைத் தேவன் எப்படிப் பார்க்கிறார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே எலிசாவின் முடிவையும் படி. 2 இராஜாக்கள் 13-ம் அதிகாரம். அவர் வியாதியாய்க் கிடந்துதான் மரித்தார். அப்புறம் அவர் கல்லறையில் போடப்பட்ட ஒரு பிரேதம் அவர் எலும்புகளின்மேல் பட்டதும் உயிரோடு எழுந்தது. எலும்பிலும் தேவவல்லமை விளங்கிய மனுஷன், படுக்கையில் வியாதியோடு போனார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல அந்தப் பிரசங்கியாருக்கு வாய் வருமா?

பவுலும் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதியோடுதான் மிலேத்துவில் விட்டுவந்தார். நம் பக்கத்து டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அந்த அறையில் இருந்துகொண்டுதான் புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார். அவருக்காக எத்தனை பேர் முழங்காலில் நின்றிருப்பார்கள்!

நீ அனுப்பிய 3 யோவான் 2-ம் வசனம், "நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்பது, யோவான் தன் நண்பன் காயுவுக்குக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதிய நல்வாழ்த்து. எல்லா விசுவாசிக்கும் சொத்து சேரும் என்கிற வாக்குத்தத்தம் அல்ல. விதை விசுவாசம் என்கிற போதனையை உலகமெங்கும் பரப்பியவர் அமெரிக்காவின் ஓரல் ராபர்ட்ஸ். 1970-ல் அதற்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டார். அப்போஸ்தலர் காலத்திலிருந்து வந்தது போல அதை அந்தப் பிரசங்கியார் மேடையில் பேசுகிறபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

கேள்வி கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்பார்கள். அந்த வசனம் வருகிற 105-ம் சங்கீதத்தை முழுசாக வாசி. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பரதேசிகளாய்த் திரிந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததைப் பற்றியது அது. போதகரின் பிரசங்கத்தைச் சோதிக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. பெரோயா பட்டணத்தார் பவுல் பேசியதையே தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேதம் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். 2 இராஜாக்கள் 5-ம் அதிகாரத்தையும் 13-ம் அதிகாரத்தையும் வாசித்து வை. உன் பாஸ்டரிடமும் காட்டு, அவர் சொல்கிற பதிலைக் குறித்து வை. நான் எழுதியதில் எது உனக்குச் சரியாகப் படவில்லையோ, அதை வசனத்தோடு சொல். உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்