இரண்டு வயர், ஒரே கம்பம்

தூத்துக்குடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய கம்ப்யூட்டர் கொட்டேஷனும் வந்து சேர்ந்தன. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் மனசு நிம்மதியாயிற்று. இங்கே அம்மா நலம். சின்னவள் பி.எட். முடித்துவிட்டாள்.

வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே பங்குச்சந்தையில் டிரேடிங் செய்யப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொட்டேஷனைப் பார்த்தேன்: கேமிங் கம்ப்யூட்டர், கிராஃபிக்ஸ் கார்டு, மூன்று மானிட்டர், 1,42,000 ரூபாய். தயவுசெய்து வாங்காதே. ஆறு வருஷமாக இந்த மேசையில் உட்கார்கிறேன். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியதால் எனக்கு இதுவரை ஒரு ரூபாயும் போனதில்லை. இணைப்பு அறுந்ததால் போயிருக்கிறது.

2022-இல் ஒரு வியாழக்கிழமை, எக்ஸ்பைரி நாள் (அந்த வார ஆப்ஷன் ஒப்பந்தங்கள் முடியும் நாள்), மதியம் இரண்டே முக்கால். நிஃப்டி ஆப்ஷன், அதாவது நிஃப்டி என்ற பங்குச்சந்தைக் குறியீட்டை வைத்துப் போடும் ஒப்பந்தம், விற்று வைத்திருந்தேன். கரண்ட் ஒரு சிமிட்டல் போய் வந்தது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது, ஃபேன்கூட நிற்கவில்லை. ஆனால் ரௌட்டர் அணைந்துவிட்டது. அது மறுபடி எழுந்து லைனைப் பிடிக்க மூன்று நிமிஷம். போனில் ஆப்பைத் திறந்தால் புதிதாக லாகின் கேட்கிறது, பாஸ்வேர்டு, ஆறு இலக்க எண். விற்றதைத் திருப்பி வாங்கி நான் வெளியே வருவதற்குள் 11,000 ரூபாய் போய்விட்டது. அன்று சாயங்காலம் பார்த்தால், இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச். அது நார்மலில் கிடந்தது. யுபிஎஸ் பக்கம் தள்ளியிருந்தால் இன்வெர்ட்டர் இன்னும் வேகமாகப் பிடித்திருக்கும், ரௌட்டர் அணைந்தே இருக்காது. உன் அபார்ட்மெண்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்கிறாய். அது எழுந்து கரண்ட் கொடுக்கச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில்தான் ரௌட்டர் சாகும். அதனால் முதல் செலவு, ரௌட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ், கரண்ட் போனாலும் இடைவெளி இல்லாமல் கொடுக்கும் சின்னப் பேட்டரிப் பெட்டி. அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குப் பொருந்துவதாக வாங்கு.

அடுத்தது லைன். 300 எம்பிபிஎஸ் வேகம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். விலை ஓடுவதற்கும் ஆர்டர் போடுவதற்கும் சில எம்பிபிஎஸ் போதும். நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வருகிறதா, அல்லது கம்பத்தில் இருக்கும் பெட்டி வரை ஃபைபர் வந்து, அங்கிருந்து சாதாரணச் செம்பு லேன் கேபிளா? வீடு வரை ஃபைபர் வந்தால், பெரும்பாலும் நடுவழியில் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை. லேன் கேபிள் என்றால் கம்பத்துப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். தெருவில் கரண்ட் போனால் உன் வீட்டு ரௌட்டரில் விளக்கு எரியும், நெட் இருக்காது. வீட்டுக்குள் வைஃபையை நம்பாதே. ரௌட்டரிலிருந்து மேசைக்கு ஒரு கேட்-6 லேன் கேபிள் இழுத்துவிடு.

இரண்டாவது லைனும் வேண்டும். ஆனால் இரண்டு கம்பெனியின் வயரும் ஒரே கம்பத்தில் வந்தால் அது இரண்டு லைன் ஆகாது. ஒரு லாரி உரசினால் இரண்டும் போகும். 2021 பிப்ரவரி 24 நினைவிருக்கிறதா? தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ-யே காலை 11:40-க்கு நின்றுபோனது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் லைன் வாங்கியிருந்தும், இரண்டிலும் கோளாறு என்றுதான் சொன்னார்கள். 3:45-க்கு மறுபடி தொடங்கி 5 மணி வரை நடத்தினார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு? இரண்டாவதாக வயரே இல்லாமல், வேறு கம்பெனி சிம்மில் ஓடும் 4ஜி ரௌட்டரோ, போன் ஹாட்ஸ்பாட்டோ வைத்துக்கொள்.

அதுவும் ஒருநாள் போகும், மாப்ளே. 2023 டிசம்பர் 17, 18-இல் எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, ஃபைபர் இல்லை, டவரும் செத்து போனும் இல்லை. 20-ஆம் தேதி நிஃப்டி ஒரே நாளில் 300 புள்ளிக்கு மேல் விழுந்ததே எனக்கு இரண்டு நாள் கழித்துக் கோவில்பட்டி போன பிறகுதான் தெரியும். என்னிடம் இருந்த பங்குகள் அதற்குள் விற்றுப் போயிருந்தன, குறித்த விலை வந்தால் தானே விற்கும்படி நான் முன்பே போட்டு வைத்த ஜிடிடி ஆர்டரில். அது புரோக்கரின் சர்வரில் காத்திருப்பது. என் வீட்டில் நெட் இருக்கிறதா என்று அது பார்க்காது. நஷ்டம் இந்த அளவைத் தொட்டால் வெளியே வந்துவிடு என்று சொல்லி வைக்கும் ஸ்டாப்லாஸ் ஆர்டரும் அப்படித்தான், எக்ஸ்சேஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வியாழக்கிழமை அதை மனசுக்குள் மட்டும் வைத்திருந்தேன். நீ ஒரு பொசிஷன் எடுத்த கையோடு ஸ்டாப்லாஸைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. போனில் சொன்னால் ஆர்டர் போட்டுத் தரும் புரோக்கரின் டீலர் நம்பரைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு.

கம்ப்யூட்டர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லேப்டாப் வாங்கு, அதன் பேட்டரியே ஒரு யுபிஎஸ். ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, பக்கத்தில் 24 இஞ்ச் மானிட்டர் ஒன்று. சார்ட்டுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டை மார்க்கெட் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகாதபடி அமைத்துவிடு.

இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2022-23-இல் பங்குகளில் இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-இல் சொன்னது. உன் பிஎஃப் பணத்தை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கொட்டேஷனில் மிச்சமாகும் பணத்தைத் தங்கச்சி பெயரில் போட்டு வை. முதல் ஆறு மாதம் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று மட்டும் செய்.

இந்த வாரம் ஒருநாள் 9:15 முதல் 3:30 வரை பிங் (நெட் இருக்கிறதா என்று விடாமல் தட்டிப் பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, எத்தனை தடவை அறுகிறது என்று எழுதி அனுப்பு. கம்பத்தையும் ஒரு போட்டோ எடு. அதுவரை கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்காதே. மக்ரூன் ஒரு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை வந்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்