பெல்ட் விற்பதற்குப் பாரம்பரியம் என்று பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் சேலத்தில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ வகுப்பு விளம்பரத் தட்டி தொங்க ஆரம்பித்துவிடும். பிள்ளை செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் மைதானத்தில் ஓடினால் போதும் என்று நாமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம். மாதக் கட்டணம் பெரிதாக ஒன்றும் இருக்காது. மற்றதெல்லாம் அப்புறம்தான் ஒவ்வொன்றாக வரும். சீருடை, அதில் தைக்க சங்கத்தின் பேட்ஜ், உறுப்பினர் அட்டை, மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், டெஸ்டுக்கு ஒரு கட்டணம், தேறியதும் பெல்ட்டுக்கு ஒன்று, சான்றிதழுக்கு ஒன்று, அந்தச் சான்றிதழைக் கொடுக்க வரும் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போட நம்மிடமே ஒரு வசூல். டெஸ்டில் தேறாத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

மகள் போகும் கராத்தே வகுப்பில் சீருடையை மாஸ்டரிடம்தான் வாங்க வேண்டும். அதே துணி, அதே தையல், கடைவீதியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஏன் அதை வாங்கக்கூடாது என்று கேட்டால் "இது டிரெடிஷன் மேடம், கண்ட கடையில் வாங்கிப் போடக்கூடாது" என்கிறார். சரி என்று வாங்கினோம். மகள் பெரியவளான பிறகு, மாதத்தில் சில நாள் வெள்ளை பேண்ட் வேண்டாம், கறுப்பு போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டாள். அதற்கும் டிரெடிஷன்தான் பதில். அந்த நாட்களில் அவள் வகுப்புக்குப் போவதில்லை. அவள் மட்டுமல்ல, அவள் வயதுப் பிள்ளைகள் பலரும் தலைவலி, டியூஷன் என்று ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுகொள்கிறார்கள். வெள்ளையைத் தவிர வேறு நிறம் கண்ணில் படக்கூடாது என்று காலங்காலமாகப் பிடிவாதம் பிடித்த விம்பிள்டனே 2023இல் பெண்கள் உள்ளே அடர்நிறக் கால்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வந்துவிட்டது. எங்கள் மாஸ்டர் இறங்கவில்லை.

நான் கல்லூரியில் ஜூடோ ஆடியவள். அதனால் இந்த வெள்ளை உடுப்பின் கதை கொஞ்சம் தெரியும். டிரெடிஷன் என்று அடித்துப் பேசும் மாஸ்டர்களுக்குத் தெரியாது என்று நினைக்க மாட்டேன், தெரிந்துதான் பேசுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

கராத்தே ஜப்பானின் ஒகினாவா தீவில் வளர்ந்த கலை. அங்கே வீட்டு முற்றத்திலும் கொல்லையிலும் என்ன உடை கிடைத்ததோ அதைப் போட்டுக்கொண்டு, வெயில் காலத்தில் கோவணத்தோடுகூடப் பழகினார்கள். சீருடையும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. 1901இல் அங்கோ இத்தோசு என்ற ஆசான் அதை ஒகினாவாவின் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார். 1922இல் கிச்சின் ஃபுனாகோஷி டோக்கியோவுக்கு வந்து செய்து காட்டினார். அவரைத் தன் பள்ளிக்கு அழைத்து ஆடிக்காட்டச் சொன்னவர் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. அதற்குப் பிறகுதான் ஜூடோக்காரர்களின் உடுப்பையும் 'டான்' என்ற கறுப்பு பெல்ட் படிநிலையையும் கராத்தே எடுத்துக்கொண்டது. ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு முதல் கறுப்பு பெல்ட் கொடுத்தது 1924இல். அதாவது கராத்தேயில் பெல்ட்டுக்கு வயது நூறைத் தாண்டிக் கொஞ்சம், அவ்வளவுதான்.

ஜூடோவிலாவது அந்த உடுப்புக்கு வேலை இருக்கிறது. எதிராளியின் கழுத்துப்பட்டியையும் சட்டைக் கையையும் பிடித்து இழுத்துத்தான் ஆட்டமே. சாதாரணச் சட்டை என்றால் முதல் பிடியிலேயே கிழிந்துவிடும், அதனால்தான் கெட்டியான பருத்தியில் நெய்து தைக்கிறார்கள். கராத்தேயில் குத்தும் உதையும்தான் முக்கியம், அந்தக் கனம் தேவையில்லை என்று துணியை மெல்லிசாக்கிக்கொண்டார்கள். தேவைக்கு ஏற்ப உடை மாறியது, ஒரு தப்பும் இல்லை. ஆனால் அப்படி மாறி வந்த ஒன்றைக் காட்டி, இது மாறவே கூடாதது, அதுவும் என்னிடம் மட்டுமே கிடைக்கும் என்றால் எப்படி?

மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்ற பெல்ட் வரிசையின் கதை இன்னும் வேடிக்கை. கானோ 1882இல் பள்ளி தொடங்கி, சில ஆண்டுகளில் மூத்த மாணவர்களை அடையாளம் காட்டக் கறுப்பு பெல்ட் கட்டவிட்டார். இந்த வானவில் ஐரோப்பாவில் வந்தது, முதலில் லண்டனில், பிறகு பாரிஸில். 1930களில் பாரிஸில் ஜூடோ கற்றுக்கொடுத்த மிக்கினோசுகே கவாய்ஷி என்ற ஜப்பானியர் அதைப் பரவலாக்கினார். கறுப்பு பெல்ட் வரை பல வருடம் பொறுமையாகக் காத்திருக்க அந்த ஊர்க்காரர்களால் முடியவில்லை, நடுவில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டியிருந்தது. நல்ல யோசனைதான், பிள்ளைகளுக்கு உற்சாகம் தருகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை வேறு. அந்தக் காலத்தில் வெள்ளை பெல்ட்டைத் துவைக்கவே மாட்டார்களாம், பயிற்சியில் அழுக்கேறி ஏறி அது பழுப்பாகி, கடைசியில் கறுப்பாகுமாம். என் மகளும் இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னாள். ஆதாரமில்லாத கட்டுக்கதை. அழுக்கேறிக் கறுப்பாவதுதான் முறை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு புது பெல்ட் எதற்கு விற்கிறீர்கள் என்று ஒரு பிள்ளையாவது கேட்கவேண்டாமா!

மாற்றம் வந்தால் கலை கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஜூடோவில் ஒருவர் வெள்ளை, இன்னொருவர் நீலம் என்று இப்போது பார்க்கிறீர்களே, அதை 1986இல் முன்மொழிந்தவர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியரைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கிய டச்சு வீரர் ஆன்டன் கீசிங்க். ஜப்பான் கடைசிவரை எதிர்த்தது. 1997இல்தான் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. டிவியில் பார்ப்பவர்களுக்கும் நடுவருக்கும் யார் யாரை வீழ்த்தினார் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அதனால் ஒரு வீரருக்கு இரண்டு உடுப்பு, அதுவும் பெரிய போட்டி என்றால் அங்கீகரிக்கப்பட்ட கம்பெனியின் முத்திரையோடு, என்று செலவு ஏறியது உண்மை. ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு அது கஷ்டம்தான். இருந்தாலும் வியாபாரத்தை வியாபாரம் என்றும் வசதியை வசதி என்றும் சொன்னார்கள், யாரும் புனிதம் பூசவில்லை.

இதையெல்லாம் ஜப்பான் கதை என்று விட்டிருப்பேன். இப்போது இதே நோய் சிலம்பத்துக்கும் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் சிலம்பம் கற்ற பெரியவர்கள் சொல்வது இதுதான். வெற்றிலை பாக்கு, தேங்காய், தட்டில் முடிந்த காணிக்கை வைத்து வாத்தியாரைக் கும்பிட்டுச் சேர வேண்டும். வேட்டியைக் கச்சம் கட்டிக்கொண்டு களத்தில் இறங்க வேண்டும். கம்பைத் தொடவே விடமாட்டார், மாதக்கணக்கில் காலடிதான். கால் நின்றபிறகுதான் கம்பு, அதன் பிறகுதான் வீச்சு, வாரல், பூட்டு எல்லாம். கடைசிவரை பெல்ட் என்று ஒன்று கிடையாது, திருவிழாவில் இறங்கி ஆடினால் யாருக்கு எவ்வளவு கைவந்திருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். இதை நான் தேன் தடவிச் சொல்ல வரவில்லை. அந்தக் களத்தில் பெண்ணுக்கு இடம் இருக்கவில்லை, பல ஊர்களில் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் இடம் இருக்கவில்லை, நுணுக்கமான அடிகளைச் சொந்தப் பிள்ளைக்கும் மருமகனுக்கும் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன வாத்தியார்களும் உண்டு. இன்று பெண் பிள்ளைகள் கம்பு சுற்றுகிறார்கள் என்றால் காசு கட்டினால் யாரும் சேரலாம் என்ற இந்த வகுப்புகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஆனால் இப்போது நடப்பதைப் பாருங்கள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழக அரசு சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க ஆட்டமாக வந்தது. சந்தோஷமான விஷயம். அதோடு சேர்ந்து சான்றிதழுக்கு மதிப்பு வந்துவிட்டது, மதிப்பு வந்ததும் சந்தையும் வந்துவிட்டது. ஒவ்வொரு சங்கமும் எங்கள் சான்றிதழ்தான் செல்லும் என்கிறது. எது எங்கே செல்லும் என்று ஒரு பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பது? சில வகுப்புகளில் சிலம்பத்துக்கும் கராத்தே மாதிரியே கலர் பெல்ட் கட்டிவிட்டார்கள். நெற்றி உயரத்துக்குக் கம்பு வெட்டிக் கொடுத்த காலம் போய், சீக்கிரம் சுற்ற வரட்டும் என்று எடையில்லாத குழாயைக் கொடுக்கிறார்கள். அது வேகமாகச் சுற்றும், வீடியோவில் அழகாக இருக்கும், ஆனால் எதிரே ஒருவன் மூங்கில் கம்போடு நின்று ஓங்கினால் தாங்குமா? பானை மேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு, ஸ்கேட்டிங் போட்டுக்கொண்டு, தீப்பந்தம் வைத்து என்று அலங்காரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எதிராளியோடு நின்று தொட்டு ஆடுவது வாரத்தில் ஒரு நாள் இருந்தால் பெரிது.

மாஸ்டர்கள் எல்லோரும் பணப்பேய்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடகை, போக்குவரத்து, குடும்பம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. அரசுப் பள்ளி மாணவிகளுக்கான தற்காப்புப் பயிற்சித் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு மாதம் 5000 ரூபாய், அதுவும் வருடத்தில் 3 மாதத்துக்குத்தான். இதை நம்பி ஒருவர் எப்படிப் பிழைப்பார்? கேரளத்தின் வடகரையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாள் வீசும் மீனாட்சி அம்மா, 2017இல் பத்மஸ்ரீ வாங்கியவர், களரிக்குக் கட்டணம் என்று எதுவும் கேட்பதில்லை, மாணவர்கள் கொடுக்கும் குருதட்சிணைதான். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் எல்லா மாஸ்டரும் அப்படி இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. மாதக் கட்டணத்தை இரண்டு மடங்காகக் கேளுங்கள், நியாயமாக இருந்தால் கொடுப்போம். கற்றுக்கொடுப்பதற்குக் கேளுங்கள் என்பதுதான் என் வாதம். கற்றுக்கொடுக்கும் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, துணியிலும் பட்டையிலும் அட்டையிலும் எடுப்பதால் என்ன ஆகிறது என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையைத் தேறவைத்தே ஆக வேண்டிய நிலை மாஸ்டருக்கு வந்துவிடுகிறது. தேறவில்லை என்று சொன்னால் வருமானமும் போய்விடும், பிள்ளையும் பக்கத்து வகுப்புக்குப் போய்விடும். பத்து வயதில் கறுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு, தெருவில் ஒருவன் கையைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் நிற்கிற பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். தற்காப்பு வந்துவிட்டது என்று பெற்றவர்களும் நம்பிக்கொண்டிருப்பதுதான் இதில் எனக்குப் பயமாக இருப்பது.

செய்யவேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளி மைதானத்தையும் வகுப்பறையையும் மாலையில் இந்த வகுப்புகளுக்கு விடும் பள்ளி நிர்வாகங்கள், வருடம் முழுக்க ஆகும் மொத்தச் செலவைச் சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். உடுப்பை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம், பெண் பிள்ளைகள் கறுப்பு பேண்ட் போடலாம் என்று சொல்ல ஒரு தலைமையாசிரியரின் ஒரு வார்த்தை போதும். எந்தெந்தச் சங்கத்தின் சான்றிதழ் வேலைக்கும் படிப்புக்கும் செல்லும் என்ற பட்டியலை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தின் வாசலில் தமிழில், எல்லோரும் படிக்கிற மாதிரி ஒட்டலாம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி "தொடர்ந்து சிலம்பம் சுற்றி உலக சாதனை" என்று படம் போடுகிறீர்கள். மணிக்கணக்கில் வெயிலில் நின்று மணிக்கட்டு வீங்கச் சுற்றிய பிள்ளைகள் அவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாதனையைப் பதிவு செய்வது பெரும்பாலும் ஏதோ ஒரு தனியார் அமைப்பு, அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் வாங்குகிறார்கள், மறுநாள் உங்கள் படத்தை வெட்டி அடுத்த விளம்பரத் தட்டியில் போட்டு அடுத்த கூட்டத்தைச் சேர்க்கிறார்கள். படத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சான்றிதழ் கொடுத்தது யார், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்பதை உங்கள் நிருபர் கேட்டு, படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்துப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேலம்.