நான்கு செங்கல், மூன்று நூல்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் முதலாண்டு பொறியியல் பிள்ளைகளுக்குக் கணிதப் பயிலரங்கு நல்லபடியாக நடந்தது. வாடகை வாங்காமல் கூடத்தைத் திறந்துவிட்டவருக்கும், கேட்காமலே எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்த தாய்மார்களுக்கும், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூரிலிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்த பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் கணக்குப் போட்டு நல்ல மார்க் வாங்கியவர்கள், கல்லூரி சேர்ந்த சில வாரத்தில் “எனக்குக் கணக்கு வராது சார்” என்பதை வருஷா வருஷம் கேட்கிறேன். மனசு கேட்பதில்லை. எல்லை, தொடர்ச்சி, முடிவிலித் தொடர் எல்லாம் அவர்கள் ஏற்கெனவே படித்தவைதான். லிமிட், கன்டினியூட்டி, சீரீஸ் என்று வந்து நின்றதும் மிரண்டுவிடுகிறார்கள். அரியர் விழுந்த பிறகு பேசுவதைவிட இப்போதே தமிழில் பேசிவிடுவோம் என்றுதான் கூடினோம்.

இனி கொத்தனார் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல் இறக்கிவிட்டுப் போக வந்தவர் அவர். மேசை விளிம்பில் நான்கு செங்கல்லை அடுக்கி, மேல் கல் முழுதும் மேசைக்கு வெளியே வந்துவிட வேண்டும் என்பது பயிற்சி. ஒன்பது அங்குலக் கல் என்றால் மேலிருந்து நாலரை, ரெண்டேகால், ஒன்றரை, கடைசியில் ஒரு அங்குலம் ஒரு நூல் (நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு) என்று தள்ளிவைக்க வேண்டும். கூட்டினால் ஒன்பது அங்குலம் மூன்று நூல். கணக்கு சரி, கல் சரிந்துகொண்டே இருந்தது. ஐயா கற்களைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கி, முனையைத் தேய்த்து, “ஒரு கல் கூடப் போடுங்க, எல்லாத்தையும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க” என்றார். நின்றது! மேல் கல்லின் உள்முனையிலிருந்து தூக்குக்குண்டை விட்டார். குண்டு மேசையைத் தொடாமல் தரைக்குப் போனதும் கூடமே கைதட்டியது.

அப்புறம் அவரே கேட்டார்: “கல்லு நிறைய இருந்தா எவ்வளவு தூரம் போகும்?”

அன்றைய வகுப்பே அந்தக் கேள்விதான். மேலிருந்து கல் நீளத்தில் அரை, கால், ஆறிலொன்று, எட்டிலொன்று என்று தள்ளுகிறோம். இவை ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால் என்பவற்றில் பாதிப் பாதிதான். ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால் என்று கூட்டிக்கொண்டே போனால் அந்தத் தொகைக்கு எல்லையே கிடையாது. மூன்றிலொன்றும் காலும் சேர்ந்தால் அரைக்கு மேல், அடுத்த நான்கும் சேர்ந்தால் மறுபடி அரைக்கு மேல். இதைப் பலகையில் எழுதியது அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி. இரண்டு கல் நீளத்துக்கு 31 கல், மூன்று கல் நீளத்துக்கு 227 கல் என்று கணக்கிட்டதும் அவள் குழுதான்.

எப்சிலானை, அதாவது எல்லைக் கணக்கில் எவ்வளவு பிசகு விடலாம் என்று குறிக்கும் அளவை, விளக்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், “நீ எத்தனை நூல் பிசகு விடுவாய், சொல். அதற்குள் நான் நிற்கிறேன்” என்று தொடங்கினார். அவருக்கும் எங்கள் வணக்கம்.

கொத்தனார் ஐயா, உங்கள் தூக்குக்குண்டு எங்களிடம் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். 31 கல் அடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அன்றைக்கே நாளும் குறித்துக்கொடுங்கள்.