ஊசிக்கு முன் ஒரு சோதனை

ஆசிரியருக்கு,

மெத்தாம்பெட்டமின் போதைப் பழக்கத்தை மருந்து ஊசி போட்டு நிறுத்தலாமா என்று வேலூர், காட்பாடிப் பக்கம் விசாரிக்கிறார்கள். 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்கள் 403 பேர். மருந்துப் பிரிவுக்கு 3 வாரத்துக்கு ஒருமுறை 380 மி.கி. நால்ட்ரெக்சோன் (அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுப்பது) ஊசி, தினமும் 450 மி.கி. புப்ரோப்பியான் (மனச்சோர்வு மருந்து) மாத்திரை. பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம்; போலி மருந்துப் பிரிவில் 2.5. வாய்ச்சொல்லை நம்பாமல் சிறுநீரைச் சோதித்து, நான்கு சோதனையில் மூன்றிலாவது மெத்தாம்பெட்டமின் இல்லாமல் இருந்தால்தான் 'பலன்' என்றார்கள். அது சரியான முறை.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. டேபென்டடால் என்ற அபின் வகை வலி மாத்திரையையும் சேர்த்துப் போடுபவர்கள் உண்டு. அதை நிறுத்தி 7–10 நாள் ஆகுமுன் நால்ட்ரெக்சோன் ஏறினால் வாந்தி, பேதி, நடுக்கம் என்று ஆளையே புரட்டிவிடும். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரண மார்ஃபின் சோதனையில் டேபென்டடால் தெரியாது என்பதால், அதற்கெனத் தனிச் சோதனை கேட்க வேண்டும். வலிப்பு உள்ளவருக்குப் புப்ரோப்பியான் கூடவே கூடாது.

– மருந்தாளுநர்கள், காட்பாடி